தீவுகளுக்குப் போனவர்கள்

இராமேசுவர யாத்திரை செல்லும் ஜனங்கள் பாம்பன் பாலத்தைக் கடக்கையில் இருபுறமும் விரிந்து கிடக்கும் சமுத்திரத்தைப் பார்த்துக் கைகூப்புவதோடு நின்றுவிடுகிறார்களேயன்றி, தெற்கே மன்னார் வளைகுடாவில் பாம்பன் முதல் தூத்துக்குடி வரை கரைக்கு அணித்தாகச் சங்கிலித் தொடராய்க் கிடந்த 21 சிறு தீவுகளைப் பற்றி விசாரிப்பவர் அவர்களில் வெகு சொற்பம். குருசடை, புள்ளிவாசல், மனோலி, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என்று பெயர்கள் நீளும். குடியிருப்பு என்று சொல்லத்தக்க ஊர் ஒன்றும் அவற்றில் இல்லையாயினும், ஆள் போகாத காலமும் அவற்றுக்கு இருந்ததில்லை. தமிழ்நாடு அரசு 1986-ஆம் ஆண்டில் இத்தீவுகளையும் சூழ்ந்த கடலையும் சேர்த்துச் சுமார் 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்தபோது, அந்தப் போக்குவரத்தின் பழைய சரித்திரம் முடிந்து வேறொன்று தொடங்கிற்று.

முதலில் போனவர்கள் முத்துக்காகப் போனார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவின் கணக்குப்படி, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போயிற்று. பகலில் கட்டிய மந்திரத்தை மாலையில் அவிழ்த்துவிடுவார்களாதலால், இராத்திரியில் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்க எவருக்கும் துணிவு வராது என்றும் அவர் எழுதியிருக்கிறார். ரோந்துப் படகும் சம்பளமும் இல்லாமல் முத்துச்சிப்பி விளையும் பாரைக் காத்த இந்த உபாயத்தைக் கேட்டால் இக்காலத்து வனத்துறைக்குச் சற்றே பொறாமை தோன்றக்கூடும். கடல்கட்டி என்று பெயர் பெற்ற அந்த மந்திரவாதியை ஆங்கில சர்க்காரும் நெடுங்காலம் தள்ளிவிடவில்லை. அவன் வராமல் குளியாளர் நீரில் இறங்க மறுத்தனர் என்பதே காரணம்.

முத்து சில வருஷங்கள் விளைந்து பல வருஷங்கள் பொய்க்கும். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்புக்குப் பின்னர் அது மீண்டும் நடைபெறவேயில்லை. சங்குதான் நிலையான வருமானம். சர்க்காரின் ஏகபோகமாயிருந்த சங்குக்குளிப்பில் எடுத்த சங்குகளைச் சதை அழுகிக் கழியும்வரை கிடங்கில் போட்டு வைத்து, சுத்தம் செய்து, அளவு பார்த்துப் பிரித்து வங்காளத்துக்கு அனுப்பினார்கள். தூத்துக்குடிக் கிடங்கின் நாற்றத்திலிருந்து புறப்பட்ட பொருள் டாக்காவில் வளையலாக அறுபட்டு அங்குள்ள சுமங்கலிகளின் கைக்கு ஏறிற்று.

இவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் சாஸ்திரக்காரர்கள். சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வளைகுடாவின் ஜீவராசிகளைச் சேகரித்து எழுதினார், சென்னை மாகாண மீன்துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார், 1927-இல் எப். எச். கிரேவ்லி குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுப்பை மியூசியத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தார். அதன்பின் குருசடை விலங்கியல் மாணவர்களின் க்ஷேத்திரமாயிற்று என்றால் மிகையாகாது. வற்றுக்கடல் நேரத்தில் முழங்கால் நீரில் நடந்து, ஈர மணலைக் கையால் அள்ளி, மிருதுவான மஞ்சள் நிறப் புழு ஒன்று பிடியில் அறுந்துபோகாமல் வருமா என்று மூச்சை அடக்கித் தேடிய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் ஐயோடபாரத்தின் நெடி வீசும் அந்தப் பிராணிதான், முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையே நிற்பதாகப் பாடபுத்தகங்கள் சொல்லிவந்த பாலனோகிளாசஸ். அதைத் தேடிப் புரட்டிய கற்களையெல்லாம் மாணவர்கள் இருந்தபடியே திருப்பி வைத்தார்களா என்பது வேறு விஷயம்.

ஆனால் கல்லைப் புரட்டியவர்களைவிடக் கல்லையே கொண்டுபோனவர்கள் செய்த சேதம் பெரிது. பவளப்பாறையாகிய முருகைக்கல்லை வெட்டி வீடு கட்டுவது அக்கரையில் புராதன வழக்கம். 1964-ஆம் வருஷத்துப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மாதா கோயில் சுவர்களை அருகில் நின்று பார்த்தால், கல்லுக்குக் கல் நட்சத்திர வடிவான நுண்துளைகள், ஒரு காலத்தில் ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் குடியிருந்த அடையாளமாய், இன்றும் தெரியும். வீட்டுக்கு எடுத்தவரை கடல் பொறுத்துக்கொண்டது. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் தோணி தோணியாய் எடுக்கத் தொடங்கியபின் பொறுக்கவில்லை. அலையைத் தடுத்த பார் போனதும் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தன. அழிவின் விளிம்பிலிருந்த வான் தீவைக் காக்க, சமீப காலத்தில் சிமெண்டினாலான செயற்கைப் பார்களைக் கடலுக்குள் இறக்க வேண்டியதாயிற்று.

இப்போது போகிறவர்கள் பார்க்கப் போகிறார்கள். பெரும்பாலான தீவுகளில் கால் வைக்க அனுமதி கிடையாது. 1897-இல் விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகாலிலிருந்து வனத்துறையின் படகில் குருசடைக்குப் போய்வரலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக் கலங்குமாகையால், வாடை அடங்கியபின் உள்ள தெளிந்த நாட்களே பவளத்தைக் காண உகந்தவை.

அதே நீரில் பாம்பன் பக்கத்துப் பெண்கள், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டைக்கோரையையும் பறித்துவரத் தலைமுறையாகக் குளித்துவந்தவர்கள். மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் பறிப்பதில்லை என்று அவர்கள் தாமாகவே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். பூங்காவின் எல்லைக்குள் அவர்கள் இறங்குவது சட்டப்படி அத்துமீறல். முத்தை ஏலம் விட்டும் சங்கைக் கிடங்கில் குவித்தும் ஆதாயம் கண்டது சர்க்கார். முருகைக்கல்லை அள்ளியவர்கள் வியாபாரிகள். பாரை வெறுமையாக்கியவர்கள் இவர்களாயிருக்க, தடையின் பாரம் பாசி பறிப்பவள் தலையில் அதிகமாக விழுந்தது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.