கட்-ஆஃப் வந்த கதை

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ. படிப்புக்குத் தனித் தகுதி என்று ஒன்று இருந்ததில்லை. சிவில், மெக்கானிக்கலுக்கான அதே கணிதம், இயற்பியல், வேதியியல்தான் இதற்கும். பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவருக்குச் சலுகை கிடையாது. உயிரியல் எடுத்தவருக்குத் தடையும் இல்லை.

1984இல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு வந்தது. சேர்க்கையை முடிவு செய்யும் கட்-ஆஃப் மதிப்பெண் 300 ஆனது: பள்ளித் தேர்வுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100. பயிற்சி மையங்கள் நகரங்களில்தான் இருந்தன. கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2005இல் தேர்வை நீக்க அரசு எடுத்த முயற்சி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. தேர்வை நீக்கி 2006இல் இயற்றிய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007இல் நடைமுறைக்கு வந்தது.

பிறகு கட்-ஆஃப் 200. பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த அக்காலத்தில், கணிதத்தில் 196 எடுத்தால் 98, இயற்பியலில் 188 எடுத்தால் 47, வேதியியலில் 184 எடுத்தால் 46; ஆக 191. சமநிலை வந்தால் முதலில் கணிதம் பார்க்கப்படும், அதன்பின் இயற்பியல். கடைசி வரை சமமாக இருந்தால் ரேண்டம் எண், அதாவது அதிர்ஷ்டம். படிப்பை முடிவு செய்ய இது விசித்திரமான வழிதான்.

1997 முதல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. ஊரிலிருந்து பெற்றோரோடு கிண்டிக்கு வந்து, திரையில் காலியிடம் குறைவதைப் பார்த்தபடி மாணவர்கள் காத்திருப்பார்கள். 2018இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன.