ராமானுஜனின் கடவுச்சீட்டுப் புகைப்படம்

கணித மேதை சீனிவாச ராமானுஜனின் (1887–1920) உருவமாக இன்று பாடநூல்களிலும் கணித மன்றங்களின் சுவர்களிலும் பரவலாகக் காணப்படுவது, 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் அவர் பெற்ற கடவுச்சீட்டுக்கான மார்பளவுப் படம். இந்தியா திரும்ப ஓர் ஆவணம் தேவைப்பட்டது, அந்த ஆவணத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அதற்குமேல் அப்படத்துக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. அவர் மறைந்தபின் அது திருவல்லிக்கேணியில் ஒரு எளிய வீட்டில், அவருடைய மனைவி ஜானகி அம்மாளிடம் இருந்தது. 1936-இல் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தேடிச் சென்று கேட்டிராவிட்டால் அது வெளியே வந்திருக்குமா என்பது ஐயமே.

கும்பகோணத்து முகம்

ராமானுஜன் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கர், மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் புகைப்படம் எடுத்துக்கொள்வது எளிய செலவல்ல. தஞ்சாவூருக்குப் புகைப்படக் கருவி புதிதல்ல என்பது உண்மைதான். லின்னேயஸ் டிரைப் 1858-லேயே பெரிய கோயிலைப் படமெடுத்தார். கோயில் அடித்தளத்தின் கல்வெட்டு வரிகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து ஒட்டி, நீண்ட சுருளாகவும் ஆக்கினார். பின்னர் தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் போன்றோர் புகைப்படக் கலையையே பயின்றிருந்தனர். ஆனால் கோயிலைப் படமெடுப்பது வேறு, துணிக்கடைக் கணக்கரின் மகனைப் படமெடுப்பது வேறு.

ஆகவே இங்கிலாந்து செல்வதற்கு முந்தைய ராமானுஜனை நாம் சொற்களில்தான் பார்க்க முடிகிறது. 1910-இல் அவரைச் சந்தித்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் பிற்காலத்தில் எழுதிய குறிப்பில் குள்ளமான, பருத்த, முகம் மழிக்காத, அவ்வளவு தூய்மையில்லாத ஓர் இளைஞர் வருகிறார். அவரிடம் தனித்துத் தெரிந்தவை ஒளிவிடும் கண்கள். முகத்தில் அம்மைத் தழும்புகளும் இருந்தன. 1889-இல், இரண்டு வயதில், ராமானுஜனுக்குப் பெரியம்மை கண்டது. அவ்வாண்டு தஞ்சாவூர் மாவட்டத்தில் நாலாயிரம் பேரைக் கொன்ற நோய் அது. அவர் பிழைத்தார், தழும்புகள் தங்கின. தலையில், அக்கால வைணவ அந்தணர் வழக்கப்படி, முன்பக்கம் மழித்துப் பின்னால் முடிந்த குடுமி.

அன்றைய தமிழகப் படக்கூடங்களில் குடுமி ஒரு சிக்கலாகவே இல்லை. உத்தியோகஸ்தர்களும் வழக்கறிஞர்களும் தமிழாசிரியர்களும் தலைப்பாகை கட்டி, மூடிய கழுத்துக் கோட்டு அணிந்து, மேலே அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோட்டு இல்லாதவருக்குப் படக்கூடத்திலேயே கோட்டு கிடைத்தது. இடுப்புக்குக் கீழே பஞ்சகச்சம் இருந்தாலும் மார்பளவுப் படத்தில் அது தெரியப்போவதில்லை. படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று அஞ்சிய பெரியவர்களும் இருந்தார்கள், அது வேறு கதை. இந்த ஏற்பாட்டில் மனிதர் தம் கோலத்தை மாற்றிக்கொள்ளாமலே படத்துக்குத் தயாராகிவிட முடிந்தது. ராமானுஜனுக்கு அப்படி வாய்க்கவில்லை.

1914: சென்னையில் நடந்த மாற்றம்

சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் 1913-இல் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதம், அதையடுத்து வந்த கேம்பிரிட்ஜ் அழைப்பு, தாய் கோமளத்தம்மாளின் மறுப்பு, பின்னர் இசைவு ஆகியவை பலரும் அறிந்தவை. பயணத்துக்கு முந்தைய சில நாட்கள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

1914 மார்ச் மாதத்தில், கப்பல் புறப்படச் சில நாட்கள் இருக்கையில், ராமானுஜன் தாயையும் மனைவியையும் எழும்பூரில் கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பினார். தம்மை ஐரோப்பிய உடையில், குடுமியின்றி அவர்கள் பார்க்கக்கூடாது என்பது காரணம். அவர்கள் சென்றபின் குடுமி வெட்டப்பட்டது. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் ரிச்சர்ட் லிட்டில்ஹெய்ல்ஸ் தம் மோட்டார் சைக்கிளின் சைட்காரில் அவரை ஏற்றிச் சென்று காலர், டை, காலுறை, சட்டை என்று கடைகடையாக வாங்கித் தந்தார். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பயிற்சி நடந்தது. மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் புறப்பட்டது.

இதை ஒப்பனை என்று மட்டும் கொள்வது தவறு. கடல் கடப்பதே ஆசாரக் குறைவாகக் கருதப்பட்ட சூழலில், குடுமியை எடுப்பது திரும்ப முடியாத ஓர் அடியாக உணரப்பட்டிருக்கும். ராமானுஜன் 1920-இல் இறந்தபோது, கடல் கடந்தவர் என்பதால் உறவினரில் சிலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ஐந்தாண்டு கழித்துக் கடவுச்சீட்டுப் படத்தில் பதிவான வெட்டிய தலைமுடிக்கும் காலருக்கும் உரிய விலை சென்னையிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

தொப்பியும் அங்கியும்

இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட ராமானுஜனின் படங்கள் மிகச் சில. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் பெற்றதை ஒட்டிய பட்டமளிப்புக் குழுப்படம் அவற்றுள் புகழ்பெற்றது. சதுரத் தொப்பியும் கறுப்பு அங்கியும் அணிந்து பிறரோடு நிற்கிறார். உடை உடலில் ஒட்டாமல் நிற்பதைப் பார்த்தவுடன் உணரலாம். காலணி அவருக்கு எப்போதும் தொல்லை, அறையில் செருப்போடுதான் இருப்பார். தொப்பியும் அங்கியுமாக இருக்கும் படம் அவரைக் கேலிக்குரியவராகக் காட்டுகிறது என்பது ஹார்டியின் கருத்து. படத்தில் குறை ஒன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தினமும் ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டவருக்கு அது அவர் முகமாகப் படவில்லை.

1919: படம்

1914-இல் ராமானுஜன் கப்பலேறியபோது கடவுச்சீட்டில் புகைப்படம் ஒட்டும் ஏற்பாடே பிரிட்டனில் இல்லை. முதல் உலகப்போர் அதை மாற்றியது. கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய ஒற்றர் வேறொருவரின் அமெரிக்கக் கடவுச்சீட்டில் பிரிட்டனுக்குள் நுழைந்து பிடிபட்டு, 1914 நவம்பரில் லண்டன் கோபுரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1915 முதல் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுகளில் படம் கட்டாயமாயிற்று. அது அப்போது புத்தகமல்ல, மடிக்கக்கூடிய ஒரே தாள். படத்தோடு நெற்றி, மூக்கு, வாய், மோவாய், நிறம் ஆகியவற்றை வர்ணிக்கும் வரிகளும் அதில் உண்டு. படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இன்றுள்ள கடுமை இல்லை. தொப்பியோடும், தோட்டத்தில் நின்றும் எடுத்த படங்களைக்கூட மக்கள் கொடுத்தார்கள்.

1917 முதல் ராமானுஜன் நோயாளி. காசநோய் எனக் கருதப்பட்டு மருத்துவ விடுதிகளில் மாறிமாறி இருந்தார். போர்க்காலக் கடல் பயணம் ஆபத்தானது என்பதால் ஊர் திரும்பவும் வழியில்லை. இதற்கிடையில் 1918 மே மாதம் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோவாகவும் தேர்வானார். நவம்பரில் போர் முடிந்தது. அடுத்த சில வாரங்களில் ஊர் திரும்பும் ஏற்பாடுகள் தொடங்கின, கடவுச்சீட்டுக்கான படமும் அவற்றில் ஒன்று. 1919 பிப்ரவரி 27 அன்று 'நகோயா' கப்பலில் கிளம்பி ஒரு மாதத்தில் பம்பாய் சேர்ந்தார்.

படத்தில் கோட்டும் வெள்ளைக் காலரும் அணிந்து, தொப்பியில்லாமல், கண்கள் நேர்நோக்க இருக்கிறார். முகத்தில் சிரிப்பு இல்லை. அக்காலப் படக்கூடங்களில் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவை நீல ஒளியை மிகுதியாக வாங்கும், சிவப்பை அநேகமாக உணராது. எனவே மாநிற முகம் உள்ளதைவிடக் கறுத்தும், வெள்ளைக் காலர் உள்ளதைவிட வெளுத்தும் விழும். அனுபவமுள்ள படக்காரர்கள் இதற்காக முகத்துக்கு மாவு பூசச் சொல்வார்கள், பின்னர் எதிர்ப்படத் தகட்டில் பென்சிலால் தொட்டுத் தழும்புகளை மறைப்பார்கள். ராமானுஜனின் படம் நகலின் நகலாக நமக்கு வந்திருப்பதால், அம்மைத் தழும்பு எளிதில் கண்ணில் படுவதில்லை. கண்கள் மட்டும் ராமச்சந்திர ராவ் சொன்னபடியே இருக்கின்றன.

திருவல்லிக்கேணி வீடு

1936 இலையுதிர்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முந்நூறாம் ஆண்டு விழாவில் ராமானுஜன் பற்றிப் பேச ஹார்டி ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். உரைகளை நூலாக வெளியிடும்போது சேர்க்க நல்ல படமில்லை. அப்போது டிரினிட்டியில் இருந்த சந்திரசேகரிடம், இந்தியா போகும்போது ஒரு படம் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். சர் சி. வி. ராமனின் அண்ணன் மகனான சந்திரசேகர் அவ்வாண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை இந்தியாவில் இருந்தார். ஜானகி அம்மாள் தென்னிந்தியாவில் எங்கோ இருக்கிறார் என்பதற்குமேல் அவருக்குத் தெரியாது. தேடல் நீண்டது. இங்கிலாந்து திரும்புவதற்கு முந்தின நாள்தான் திருவல்லிக்கேணி முகவரி கிடைத்தது.

ஜானகி அம்மாள் அங்கே மிக எளிய நிலையில் வாழ்ந்தார். 1909-இல், பத்து வயதில் மணமானவர், இருபத்தோரு வயதில் கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து வாழ்ந்தவர். தம்மிடம் இருப்பது கடவுச்சீட்டில் உள்ள ஒரே படம்தான் என்றார். சந்திரசேகர் அதை வாங்கிப் பார்த்தார். பதினேழு ஆண்டுகள் கழிந்தும் அதிலிருந்து எதிர்ப்படமும் பிரதிகளும் எடுக்கும் அளவுக்கு அது தெளிவாக இருந்தது. 1940-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஹார்டியின் நூலில் அதுவே இடம்பெற்றது. படத்தில் அவர் நோயுற்றுத் தெரிந்தாலும் மேதைமை முழுதும் தெரிகிறது என்று ஹார்டி மகிழ்ந்தார்.

ஹார்டி தேடியது நண்பரின் முகம். ஜானகி அம்மாளிடம் வீட்டில் இருந்த ஒரே உருவம் அது. எழும்பூர் ரயில் நிலையத்தில் எந்தக் கோலத்தைத் தாயும் மனைவியும் பார்க்கக்கூடாது என்று ராமானுஜன் எண்ணினாரோ, மனைவியின் கையில் மிஞ்சியது அந்தக் கோலமே.

அஞ்சல்தலையும் சிலையும்

1962 டிசம்பர் 22 அன்று, ராமானுஜனின் 75-ஆம் பிறந்தநாளில், இந்திய அஞ்சல்துறை 15 நயா பைசா அஞ்சல்தலை வெளியிட்டது. அதில் உள்ளதும் கடவுச்சீட்டு முகமே. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொல்லப்பட்டும் அது நடக்கவில்லை என்று ஜானகி அம்மாள் 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு நேர்காணலில் வருந்தினார். அதைப் படித்த அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஆஸ்கி பல நாட்டுக் கணிதவியலாளர்களிடம் பணம் திரட்டினார். மின்னசோட்டாவைச் சேர்ந்த சிற்பி பால் கிரான்லண்ட் கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்து வெண்கல மார்பளவுச் சிலையை வடித்தார். முன்பக்கம் மட்டுமே காட்டும் ஒரு சிறு படத்திலிருந்து, தலையின் பின்புறத்தையும் பக்கவாட்டையும் அவர் ஊகித்தே செய்திருக்க வேண்டும். அதன் வார்ப்புகளில் சிலவற்றைச் சந்திரசேகர் வாங்கினார். ஒன்று சென்னையில் ஜானகி அம்மாளிடம் சேர்ந்தது. அவர் 1994 ஏப்ரல் 13 அன்று மறைந்தார்.

சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டை 2003-இல் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவிடமாகப் பராமரித்து வருகிறது.