ஐ.என்.எஸ். கல்வரி

ஐ.என்.எஸ். கல்வரி, இந்தியக் கடற்படையின் டீசல்-மின் தாக்குதல் நீர்மூழ்கிக் கப்பல். பிரெஞ்சு ஸ்கார்பீன் வடிவமைப்பில் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளம் கட்டிய ஆறில் முதலாவது. 2005இல் ஒப்பந்தமாகி, 2012இல் வந்திருக்க வேண்டியது. 2017 டிசம்பர் 14 அன்றுதான் பணியில் சேர்ந்தது.

கல்வரி என்பது புலிச்சுறாவுக்கான மலையாளப் பெயர். கல்வாரி மலையோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1967 டிசம்பர் 8 அன்று சோவியத் ஒன்றியத்தின் ரீகாவில் கடற்படையில் சேர்ந்த இந்தியாவின் முதல் நீர்மூழ்கிக்கும் இதே பெயர்தான். அது 1996இல் ஓய்வுபெற்றது.

67.5 மீட்டர் நீளமுள்ள இக்கப்பலில் 8 அதிகாரிகள், 35 மாலுமிகள். மூழ்கிய நிலையில் எடை ஏறத்தாழ 1,775 டன். அதில் 270 டன் பேட்டரி மட்டுமே: ஒவ்வொன்றும் 750 கிலோ எடையுள்ள 360 மின்கலங்கள். நெருக்கமான உடலுக்குள் 60 கிலோமீட்டர் கம்பிவடமும் 11 கிலோமீட்டர் குழாயும் வளைந்து நெளிந்து ஓடுகின்றன.

இதன் பலமும் பலவீனமும் அந்தப் பேட்டரிதான். நீருக்கடியில் டீசல் எஞ்சின் ஓடாது. அதற்குக் காற்று வேண்டும். மின்மோட்டார் மட்டும் சுழல்வதால் மெதுவாக நகரும் கப்பலைக் கேட்டுக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். மணிக்கு 20 கடல்மைல் வரை விரைய முடியும். ஆனால் அந்த வேகத்தில் மின்சாரம் மளமளவென்று கரையும். பேட்டரி இறங்கியதும் மேல்மட்டத்துக்கு அருகே வந்து, காற்றுக்குழாயை நீருக்கு மேலே நீட்டி, 1,250 கிலோவாட் எஞ்சின்கள் இரண்டையும் ஓட்டி மின்னேற்ற வேண்டும். எஞ்சின் இரைச்சல் நீரில் பரவும். குழாயின் தலை ரேடாரில் படலாம். எதிரி காத்திருப்பது இந்த நேரத்துக்காகத்தான்.

ஆறு டார்பிடோ குழாய்களும், மொத்தம் 18 ஆயுதங்களுக்கு இடமும் உண்டு. 2017 மார்ச்சில் நீருக்கடியிலிருந்து எக்ஸோசெட் ஏவுகணையைச் செலுத்திச் சோதித்தது. புதிய கனரக டார்பிடோவின் கதை வேறு: தயாரிப்பாளரின் தாய் நிறுவனம் ஹெலிகாப்டர் பேர விவகாரத்தில் சிக்கியதால் கொள்முதல் கைவிடப்பட்டது. நவீனக் கப்பல் பழைய டார்பிடோக்களோடு கடலுக்குப் போனது.

பேட்டரியின் தளையைத் தளர்த்த, வெளிக்காற்று தேவைப்படாத எரிமின்கல அமைப்பை இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கியுள்ளது. அதைப் பொருத்துவது சாமான்ய வேலையல்ல. கப்பலைக் குறுக்கே வெட்டி, இடையில் ஒரு புதிய துண்டைச் சேர்க்க வேண்டும். அத்துண்டைக் கட்டும் ஒப்பந்தம் 2024 டிசம்பரில் மசகான் தளத்துடன் கையெழுத்தானது.