தொப்புளைச் சுற்றி 14 ஊசி

"நாய் கடிச்சா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நம் தலைமுறையில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. தெருநாயைக் கல்லால் அடிக்கப் போகும் பிள்ளைகளை அடக்க இது ஒன்றே போதும். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள் இன்றும் நம்மூரில் இருக்கிறார்கள். வயிற்றில் வரிசையாக எழும்பிய வீக்கத்தையும், குனிய முடியாமல் பட்ட பாட்டையும் அவர்கள் மறக்கவில்லை.

இந்தியாவில் அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி 2004-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதைப் பற்றிய பயம் மட்டும் நிற்கவில்லை. "சின்னப் பல்லுதான் பட்டுச்சு, எதுக்குப் பதினாலு ஊசி" என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அதனால்தான் அந்த ஊசியின் வரலாற்றையும், அது உடம்புக்குள் போய் என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதலாம் என்று நினைத்தேன். இதில் பெரும்பகுதி நம் பக்கத்து மலையான குன்னூரில் நடந்த வரலாறு.

பிரான்ஸ் நாட்டில் 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மீஸ்டர் என்ற 9 வயதுப் பையனை லூயி பாஸ்டரிடம் கொண்டுவந்தார்கள். வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. வெறிநோய் கண்ட முயலின் தண்டுவடத்தைக் காயவைத்து, அதன் வீரியத்தைக் குறைத்துத் தயாரித்த மருந்தைப் பாஸ்டர் நாள்தோறும் போடச் செய்தார். மொத்தம் 13 ஊசி. பையன் பிழைத்துக்கொண்டான். உலகமே கொண்டாடியது. ஆனால் அந்த மருந்து ஏன் வேலை செய்கிறது என்று பாஸ்டருக்கே தெளிவாகத் தெரியாது. நோயை உண்டாக்கும் வைரஸையும் அன்று யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900-இல் சிம்லா பக்கத்தில் உள்ள கசௌலியில் தொடங்கியது. தெற்கே இருப்பவர்களுக்கு அது எட்டாத தூரம். 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் இங்கே வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுத்தது. அமெரிக்காவின் உருக்குத் தொழில் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ், வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் இந்தியாவின் நலனுக்காக ஒரு பெருந்தொகை கொடுத்திருந்தார். அதில் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907-இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

அன்று உடுமலையில் ரயிலே கிடையாது. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-இல்தான் ரயில் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து நம்மூர் வழியாகத் திண்டுக்கல் போகும் பாதை 1928-இல் வந்தது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. அதனால் மாட்டு வண்டியில் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டால், மீதி வழிக்கு ரயில் இருந்தது. தினமும் ஊசி போட வேண்டியிருந்ததால் சிகிச்சை முடியும் வரை மலையிலேயே தங்க வேண்டும். வெள்ளாமையை விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு அத்தனை நாள் குளிரில் கிடப்பது ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்த ஊசி உள்ளே போய் என்ன செய்தது? நம் ஊர் விவசாயிக்கு இது எளிதில் புரியும்.

பெரிய களஞ்சியம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோடிக்கணக்கான ரகங்களின் விதை இருக்கிறது, ஆனால் ரகத்துக்கு ஒரு சிட்டிகைதான். நம் ரத்தத்திலும் நிணநீர்க் கட்டிகளிலும் இருக்கும் சில வெள்ளை அணுக்கள் அப்படிப்பட்டவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகை வேற்றுப் பொருளை மட்டும் அடையாளம் காணும். ஒரு கிருமி உள்ளே வந்தால், அதற்குப் பொருந்துகிற ரகம் மட்டும் முளைவிட்டுப் பெருகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, லட்சக்கணக்கில் வளர்ந்த பிறகு எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் கொட்டும். இதை ஆஸ்திரேலிய விஞ்ஞானி மக்ஃபர்லேன் பர்னட் 1957-இல் எடுத்துச் சொன்னார்.

விதைத்த அன்றே அறுக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். இந்த வெள்ளாமைக்கும் ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் ஆகும். அறுவடை முடிந்ததும் உடம்பு எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதில்லை. விதை நெல் எடுத்து வைப்பது போல, பொருந்திய ரகத்தில் கொஞ்சத்தை நினைவு அணுக்களாகச் சேமித்து வைக்கிறது. அதே கிருமி மறுபடி வந்தால் சிட்டிகையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மூட்டையே தயாராக இருக்கும். சின்ன வயதில் தட்டம்மை வந்தவர்களுக்கு மறுபடி அது வராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த அணுக்களில் இரண்டு கூட்டம் உண்டு. எதிர்ப்புப் பொருளைச் செய்வது பி அணுக்கள். அவற்றுக்கு உத்தரவு கொடுப்பதும், கிருமி புகுந்த அணுக்களைத் தேடி அழிப்பதும் டி அணுக்கள். 'பி' என்ற பெயர் வந்த கதை கோழிப் பண்ணைக்காரர்களுக்குப் பிடிக்கும். கோழியின் பின்புறத்தில், எச்சம் வரும் வழிக்கு மேலே ஒரு சின்னப் பை இருக்கிறது. அதன் பெயர் பர்சா. அது எதற்கு என்று நீண்ட காலம் யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்பவர் அந்தப் பையை எடுத்துவிட்ட கோழிகளை வைத்திருந்தார். அந்தக் கோழிகளின் உடம்பில் எதிர்ப்புப் பொருள் சரியாக உருவாகவில்லை என்று தெரியவந்தது. பெரிய அறிவியல் பத்திரிகை அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டதால், 1956-இல் அது கோழி வளர்ப்புக்கான பத்திரிகையில் வெளிவந்தது. பர்சாவின் முதல் எழுத்துதான் 'பி'. நமக்குப் பர்சா கிடையாது, எலும்பு மஜ்ஜை அந்த வேலையைச் செய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் கம்போரோ நோய்க்கு ஏன் அப்படிப் பயப்படுகிறார்கள்? அந்த நோய் தாக்குவது இந்தப் பையைத்தான். அது கெட்டுவிட்டால் பிறகு போடும் மற்றத் தடுப்பு மருந்துகளும் கோழிக்குச் சரியாக வேலை செய்யாது.

இனி வெறிநோய்க்கு வருவோம். மற்ற நோய்களுக்கு நோய் வருமுன் தடுப்பூசி போடுகிறோம். இதற்கு மட்டும் கடித்த பிறகு போடுகிறோம். அது எப்படிப் பலன் தருகிறது?

இந்த வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. கடிபட்ட இடத்துச் சதையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அங்குள்ள நரம்புக்குள் நுழைந்து மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பொதுவாக நோய் வெளிப்பட 1 மாதம் முதல் 3 மாதம் வரை ஆகும். தலையிலோ முகத்திலோ கடித்தால் பாதை குறைவு, நாளும் குறைவு. நரம்புக்குள் ஒளிந்து போவதால் உடம்பின் காவலர்கள் அதைச் சரியாகப் பார்ப்பதும் இல்லை. மூளையைத் தொட்டுத் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நிலை வந்தபின் பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்தான்.

ஆக இது ஓர் ஓட்டப் பந்தயம். வைரஸ் நரம்பு வழியாக ஏறுகிறது. தடுப்பூசி, செத்த வைரஸைத் தோலுக்கும் தசைக்கும் கொண்டுவந்து காட்டி, "இதுதான் ஆள், விதையை எடு" என்று உடம்பைத் தூண்டுகிறது. வைரஸ் மூளைக்குப் போய்ச் சேருமுன் நம் வெள்ளாமை விளைந்துவிட்டால் நாம் பிழைத்தோம். கடித்த அன்றே தொடங்குவதும் நாலு நாள் கழித்துத் தொடங்குவதும் ஒன்றல்ல என்பதன் காரணம் இதுதான்.

இப்போது அந்த 14 ஊசியின் கதை. கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள் 1911-இல் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். விலங்கின் மூளையில் வைரஸை வளர்த்து, அதைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று மருந்தாக்கினார். செத்த வைரஸ் என்பதால் புட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிந்தது. அதன் பிறகு நோயாளி மலை ஏற வேண்டிய அவசியம் படிப்படியாகக் குறைந்தது. மருந்து மலை இறங்கி வந்தது. குன்னூரில் தயாரான புட்டிகள் தென்னாட்டு மருத்துவமனைகளுக்குப் போயின. அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம்.

ஆனால் அந்த மருந்தில் வைரஸ் கொஞ்சம்தான், ஆட்டு மூளை நிறைய. வீரியம் குறைவென்பதால் பல நாள், பெரிய அளவில் போட வேண்டியிருந்தது. அவ்வளவு மருந்தைத் தோலுக்கடியில் தினமும் இடம் மாற்றி மாற்றிப் போட வசதியான இடம் வயிறு. மற்றபடி தொப்புளுக்கும் வெறிநோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் அதில் இருந்தது. நரம்புகளின் மேல், மின்கம்பிக்கு இருப்பது போன்ற ஓர் உறை உண்டு. ஆட்டின் நரம்பு உறையும் நம் உறையும் ஏறக்குறைய ஒன்றே. தினமும் ஆட்டு மூளையைச் செலுத்தியபோது, சிலருடைய டி அணுக்கள் வைரஸோடு சேர்த்து அந்த உறையையும் எதிரி என்று கற்றுக்கொண்டன. பிறகு சொந்த நரம்பையே தாக்கின. அப்படிச் சிலருக்குக் கை கால் விழுந்தது, சிலர் இறந்தும் போனார்கள். நியூயார்க் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1930-களில் குரங்குகளுக்கு வைரஸ் கலக்காத முயல் மூளையைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். அவற்றுக்கும் பக்கவாதம் வந்தது. குற்றம் வைரஸுடையது அல்ல, மூளைத் திசுவுடையது என்று தெரிந்தது. கற்றுக்கொள்ளும் திறமை உள்ள உடம்பு, தவறான பாடத்தையும் அதே திறமையோடு கற்றுக்கொள்ளும். நம் பெரியவர்கள் அந்த ஊசிக்குப் பயந்தது வெறும் மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தக் குறைக்கு விடை, மூளையை விட்டுவிட்டு ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களில் வைரஸை வளர்ப்பது. குன்னூரும் அந்த முறைக்கு மாறியது. இன்று தசையில் போட்டால் முதல் நாள், பிறகு 3, 7, 14, 28-ஆம் நாட்கள் என 5 ஊசி, அதுவும் கையில். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் கொஞ்சமாகப் போடும் முறையில் 4 முறை போனால் போதும்.

பெரிய காயத்துக்கு இன்னொன்றும் வேண்டும். விளைய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும் என்றேன். அதுவரை என்ன செய்வது? வேறு இடத்தில் விளைந்ததைக் கடன் வாங்க வேண்டியதுதான். 1954-இல் ஈரான் நாட்டுக் கிராமம் ஒன்றில் வெறி பிடித்த ஓநாய் ஒன்று 29 பேரைக் கடித்தது. தலையில் கடிபட்டவர்களில் தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்ட 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். தயார்நிலை எதிர்ப்புப் பொருளான சீரத்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் இறந்தவர் ஒருவரே. அதிலிருந்து, ரத்தம் வரும் கடிக்குக் காயத்தைச் சுற்றியே சீரம் போடுவது உலக வழக்கமாயிற்று. ஆனால் கடன் நெல்லில் விதை மிஞ்சாது. சில வாரங்களில் அது தீர்ந்துவிடும். அதற்குள் சொந்த வெள்ளாமை வந்தாக வேண்டும் என்பதால், சீரம் போட்டவர்களும் ஊசியை முழுமையாக முடிக்க வேண்டும்.

பச்சிலை கட்டியும் மந்திரித்தும் பிழைத்தவர்கள் உண்டே என்று சிலர் கேட்பார்கள். கடிக்கிற எல்லா நாய்க்கும் வெறி இருப்பதில்லை. வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. நோயே வராதவரைக் காப்பாற்றிய பெருமை பச்சிலைக்குப் போய்விடுகிறது. நோய் வந்து இறந்தவர் திரும்பி வந்து சாட்சி சொல்வதில்லை.

சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காமல், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தால், பந்தயத்தில் பத்து நாளை எதிராளிக்கு இனாமாகக் கொடுத்ததாக ஆகும். பிறாண்டல்தானே என்றும் விட வேண்டாம்.

நம் வயதினருக்கு ஒரு செய்தி. இப்போதைய ஊசியை முழுமையாகப் போட்டவரை மறுபடி நாய் கடித்தால், முதல் நாளும் 3-ஆம் நாளும் என 2 முறை போதும், சீரமும் தேவையில்லை. விதை நெல் கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து 14 ஊசி இந்தக் கணக்கில் சேராது. அதை நம்பி இருந்துவிடாமல், புதிதாகக் கடிபட்டவரைப் போலவே முழுச் சிகிச்சையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பேரப் பிள்ளைகளிடம் இனிமேல் தொப்புள் கதையைச் சொல்லாதீர்கள். பயந்துபோய் நாய் பிறாண்டியதை மறைத்துவிடுவார்கள். "கண்ணு, நாய் பல்லோ நகமோ பட்டா ஒடனே வந்து சொல்லு, கையில சின்ன ஊசிதான்" என்று சொல்லுங்கள். இன்றைய நிலவரத்துக்கு அதுதான் உண்மையும் கூட.