சூடு ஆறும் விதத்தில் தெரியும் குறை

2003 பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா விண்ணோடம் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் சிதறியது. ஏவிய சுமார் 82ஆவது வினாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்து வந்த நுரைக்காப்புத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பை உடைத்திருந்தது. கார்பன் இழையால் வலுவூட்டிய கார்பன் பலகைகளால் ஆனது அவ்விளிம்பு. அவ்வளவு முக்கியமான பலகைகளை ஓட்டத்துக்கு ஓட்டம் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே சோதித்து வந்தார்கள். அது போதாது என்றது விசாரணைக் குழு.

அதன்பின் கென்னடி விண்வெளி மையத்தில் இடம்பிடித்தது ஃபிளாஷ் வெப்பப்படச் சோதனை. சில மில்லிவினாடியே நீடிக்கும் வலுத்த ஒளி மேற்பரப்பைச் சில டிகிரி சூடாக்கும். அது ஆறுவதை அகச்சிவப்பு கேமரா தொடர்ந்து படமெடுக்கும். அடுக்கு விட்டுப்போன இடத்தில் காற்றிடைவெளி குறுக்கிட, கீழிறங்க வழியில்லாத வெப்பம் மேலேயே தேங்கும். திரையில் அவ்விடம் வெளிறித் தெரியும்.

ஒளியடித்து வெப்பத்தின் போக்கை அளப்பது பழைய உத்திதான். 1961இல் பார்க்கரும் உடன் பணியாற்றியோரும் தகட்டின் ஒரு முகத்தில் ஒளி பாய்ச்சி, மறுமுகம் சூடேறும் நேரத்தைக் கொண்டு வெப்பப் பரவுதிறனைக் கணித்தார்கள். இறக்கையில் குறை தேடுபவருக்கு மறுமுகம் எட்டாது. ஒளியும் கேமராவும் ஒரே பக்கம் நின்றாக வேண்டும்.

குறையின் ஆழம் இருமடங்கானால் அது தெரியக் காத்திருக்கும் நேரம் நான்கு மடங்காகும். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு அலுமினியத்தில் வினாடியில் நூறில் ஒரு பங்கு போதும். கார்பன் இழைப் பிளாஸ்டிக்கில் இரண்டு மூன்று வினாடி ஆகும். அதனால் உலோகத்துக்கு வேகமான கேமரா தேவை. பளபளக்கும் உலோகம் இன்னும் தொல்லை: ஒளியை உள்வாங்காமல் சுற்றுப்புறச் சூட்டையே பிரதிபலிக்கும். கழுவினால் போகும் கறுப்பு வண்ணம் பூசித்தான் சோதிக்கிறார்கள்.

வெப்பம் பக்கவாட்டிலும் பரவுவதால், ஆழத்தைவிட அகலம் குறைந்த குறை பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே மேற்பரப்பு நேரத்துடன் ஆறுவதை மடக்கை அளவில் வரைகோடு போட்டுப் பார்க்கிறார்கள். குறையற்ற இடம் அரைச் சரிவில் நேர்கோடாக இறங்கும். கோடு எந்தக் கணத்தில் விலகுகிறதோ அதிலிருந்து ஆழத்தைக் கணக்கிடலாம். என் பார்வையில், இத்துறையின் உண்மையான திறமை இந்தக் கோட்டைப் படிப்பதில் இருக்கிறது.

படித்த பிறகும் வழக்கு தீர்ந்துவிடாது. 2007இல் டிஸ்கவரி விண்ணோடத்தின் மூன்று பலகைகளில் பூச்சு பலவீனப்பட்டிருக்கலாம் என்ற அறிகுறியை வெப்பப்படம் காட்டியது. நாசாவின் பாதுகாப்புப் பொறியாளர் குழுவொன்று அவற்றை மாற்றச் சொன்னது; நிர்வாகம் ஏற்கவில்லை. அதே பலகைகளுடன் அக்டோபர் 23 அன்று புறப்பட்ட டிஸ்கவரி, நவம்பர் 7 அன்று பத்திரமாகத் தரையிறங்கியது.