வைக்கோல் எந்த வயலுக்கு உரியது? கல்வராயன் மலைக் காய்கறிப் பாத்திகளும் ஒரு ஃபுகோகா வாசிப்பும்

காய்கறிப் பாத்திக்கு வைக்கோல் மூடாக்கு நல்லதா என்பதில் இங்கு விவாதமில்லை. ஈரம் நிற்கும், களை அமுங்கும், சரிவில் மழைத்துளியின் அடி மேல்மண்ணில் படாது. விவாதம் சான்றைப் பற்றியது. மசானொபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' (1975), எங்கிருந்து வந்த வைக்கோலும் எந்த மண்ணுக்கும் நன்மையே என்று சொல்வதாக நம் இயற்கை வேளாண் எழுத்தில் ஒரு சாரார் வாசித்துவந்துள்ளனர். அந்த வாசிப்பு நூலில் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பது என் துணிபு.

ஜப்பானின் ஷிகோகுத் தீவில் இருந்த தம் வயலில் நெல் அறுத்ததும் ஃபுகோகா வைக்கோலை நறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாக, பார்லி முளைத்துவரும் அதே வயலில் விசிறினார். பார்லித் தாள் அடுத்த நெல் விதைப்பின்மேல் விழுந்தது. மாற்றிப் போட்டதற்குக் காரணம் உண்டு: நெல் வைக்கோலில் தங்கும் நோய் நெல்லுக்குத் தாவும் என்பது தாவர நோயியல் பயின்ற அவருக்குத் தெரியும். வயலை விட்டு வெளியேறியது தானியம் மட்டுமே.

இதைவிட முக்கியமானது, நூலில் அதிகம் பேசப்படாத பழத்தோட்டப் பகுதி. குன்றுச்சரிவின் கெட்டித்த மண்ணைத் திருத்த, வைக்கோலையும் பெரணித்தழையையும் அவர் சுமந்துவந்து குழிகளில் புதைத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் பார்த்தால் திரண்டிருந்த மட்கு சொற்பம். அடுத்து மரத்துண்டுகளைப் புதைத்தார். முடிவில், தொலைவிலிருந்து சுமப்பதைவிட அங்கேயே மரம் வளர்ப்பது மேல் என்று கண்டு அகேசியா நட்டார். அதே சரிவில் காய்கறி விதைத்தபோது, அங்கேயே வளர்ந்த களையை அறுத்து விதைமேல் பரப்பினார். புதைப்பதும் பரப்புவதும் ஒன்றாகாது. ஆகவே இப்பகுதி மூடாக்குக்கு எதிரான சான்றாகாது. ஆனால் தொலைவிலிருந்து பொருளைச் சுமந்துவருவது பற்றி நூல் சொல்லும் தீர்ப்பு ஐயத்துக்கு இடமில்லாதது.

இதைக் கள்ளக்குறிச்சியில் வைத்துப் பார்க்க வேண்டும். சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து நெல்வயலின் வைக்கோல் மாட்டுத் தீவனம். அறுவடை இயந்திரம் வந்தபின் அது உருளைக்கட்டாகி விலைக்கும் போகிறது. உலர்ந்த வைக்கோல் ஒரு டன்னில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் 12 முதல் 17 கிலோ சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இருக்கும்; நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு தானியத்தில் சேராமல் வைக்கோலிலேயே தங்கும். அந்தக் கட்டைக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏற்றித் தக்காளிப் பாத்தியில் போட்டால், மலை பெறும் வளம் சமவெளி வயலின் கணக்கில் பற்றாக விழும். ஃபுகோகா தம் நெல்வயலில் கட்டிக்காத்த சுழற்சி இங்கே அறுந்துபோகிறது.

வைக்கோலுக்கு இந்த மண்ணில் நேர்மையான ஒரு வழி உண்டு: அது தொழுவம் வழியாக வருவது. மாடு இளந்தாளைத் தின்று தடித்த அடித்தாளைக் கழித்துவிடும். கழித்தது குளம்படியில் நசுங்கி, கோமியம் ஊறி, சாணம் ஒட்டிப் பழுப்பேறிக் கூளமாகிறது. பச்சை வைக்கோலில் தழைச்சத்தைப்போல் 60 மடங்குக்கு மேல் கரிமம் இருப்பதால் மக்குவது தாமதமாகும். அந்தக் குறையைக் கோமியம் பெருமளவு நேர்செய்கிறது. மலையில் சாமைத் தாளும் மாட்டுக்கே வேண்டியிருப்பதால், அங்கே மூடாக்குக்கு உரியவை பூக்குமுன் அறுத்த களை, துவரை மொச்சையின் சருகு, தொழுவக் கூளம் ஆகியவை.

கரும்புச் சோகையை என்ன செய்வது என்று கேட்கலாம். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு போகும் வயல்களில் சோகையின் முதல் இடம் மறுதாம்புக் கரும்பின் வரிசைகளுக்கு இடையே. கொளுத்தத்தான் போகிறார்கள் என்றால் பக்கத்துக் கத்தரிப் பாத்திக்கு இழுத்துப் போடுவதில் யாருக்கும் நட்டமில்லை. கரையான், எலி, தண்டழுகல் என்று எழும் தடைகள் பராமரிப்பைச் சார்ந்தவை; தூரிலிருந்து சற்றுத் தள்ளிப் பரப்பினால் பெரும்பாலும் அடங்கும்.

ஆகவே, இப்பகுதியில் மூடாக்கு குறித்த எந்தச் சோதனையும் பாத்தியின் விளைச்சலோடு வைக்கோல் புறப்பட்ட வயலின் இழப்பையும் அருகருகே பதிய வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு ஃபுகோகாவைத் துணைக்கு அழைப்பது அவர் நூலுக்கும் பொருந்தாது, மண்ணுக்கும் பொருந்தாது.