இஞ்சினை அரிப்பது ஓட்டமா, ஓய்வா?

மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவே ஒடுங்கிய மணல்நிலம். மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதியில் எந்த உலோகமும் உப்புக்குத் தப்ப முடியாது. இலங்கைக் கரைகளில் கரைவலை வளைத்த பழைய வள்ளங்கள் பலவற்றின் பலகைகள் ஆணி அறையாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. துருவுக்கு அஞ்சியே அப்படிச் செய்தார்கள் என்பது முழுக் காரணமாகாது. தைத்த வள்ளம் அலைக்கு நெளிந்து கொடுக்கும், கரையில் மோதினாலும் எளிதில் பிளக்காது. எப்படியாயினும் கடலுக்குள் உலோகம் அதிகம் போகவில்லை. வாவியின்மேல் 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டகமும் நீருக்கு மேலேதான் நின்றது. துருவைச் சுரண்டி வர்ணம் பூசக் கை எட்டும். 1960களுக்குப் பின் பைபர் படகோடு பரவிய வெளியிணைப்பு இஞ்சின்தான் இந்த நிலையை மாற்றியது. நீருக்குள் இறங்கும் அதன் கால் பகுதியும், குளிர்விக்கும் நீர் ஓடும் உள்வழிகளும் அலுமினியக் கலப்புலோகம். அந்த உள்வழிகளுக்குத் தூரிகை எட்டாது.

இந்த இஞ்சின்களை ஓட்டத்தைவிட ஓய்வே அதிகம் அரிக்கிறது என்பது என் முடிவு. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் மெல்லிய ஒட்சைட்டுத் தோல். மிதமாக ஓடும் கடல்நீர் ஒட்சிசனைக் கொண்டுவந்து அத்தோலைப் புதுப்பித்தபடி இருக்கும். நீர் தேங்கி மண் படிந்த இடத்திலோ குளோரைட்டு தோலைத் துளைக்கிறது. துளைக்குள் அமிலம் சேர்கிறது. ஊசிமுனைக் குழி நாளடைவில் சுவரைக் கடக்கிறது. வெளியே வெள்ளைப் பொடி மட்டும் பூத்திருக்கும். வேகமான நீர் தோலையே உரிக்காதா என்று கேட்கலாம். உரிக்கும்தான், ஆனால் அந்தச் சேதம் பெரும்பாலும் குமிழிகள் உடையும் சுழலியின் இதழ்களில் நேர்வது, கண்ணுக்குத் தெரிவது, சுழலியை மாற்றினால் தீர்வது. கரையில் தூக்கி வைத்த இஞ்சினில் நீர் ஏது என்ற கேள்வி இன்னும் வலுவானது. உள்வழியில் தங்கிய கடல்நீர் வற்றி உப்பாகிறது. அந்த உப்பு கரைக்காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி கசிகிறது. மாரிக் கொந்தளிப்பில் படகுகள் கரையேறிய மாதங்களிலும், போர்க்காலத்தில் தொழில் தடைப்பட்ட நாட்களிலும், அலசாமல் வைத்த இஞ்சின்களுக்குள் இதுவே நடந்திருக்கும்.

கடல்நீர் அரிப்புக்கு ஒரு மருந்து 1824இலேயே கிடைத்தது. பிரித்தானியக் கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத்தகட்டைக் காக்க ஹம்ப்ரி டேவி இரும்பையும் துத்தநாகத்தையும் அதனோடு பொருத்தினார். அவை முந்திக் கரைய, செம்பு தப்பியது. இஞ்சினின் காலில் திருகியிருக்கும் சாம்பல்நிறத் துத்தநாகக் கட்டி அதன் வழிவந்தது. அது கரைந்து சிறுப்பதைப் பழுதென்று எண்ணி வர்ணம் பூசினால் அதன் வேலை நின்றுவிடும். வாவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழை வெள்ளம் சேர்ந்து உப்புக் குறையும்போது துத்தநாகத்தின்மேல் படலம் படிந்து அதை மந்தமாக்கும். அலுமினியத்தால் செய்த கட்டிக்கு அந்தக் குறை அவ்வளவாக இல்லை. வாவிக்கும் கடலுக்கும் ஒரே இஞ்சினைக் கொண்டுபோகிறவருக்கு அதுவே பொருத்தம். ஆனால் காலில் இருக்கும் கட்டியின் காவல் உள்வழிகள்வரை போகாது. அவற்றைத் தொழில் முடிந்த கையோடு நல்ல தண்ணீரால் அலசத்தான் வேண்டும்.